ஸுல்பா இல்லாத சோளகம்

முள்ளியவளைச் சந்தையில் முன்ஸிருக்கு மரக்கறிக் கடை. தம்புள்ளையிலிருந்து லொறி வந்ததும் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தே கத்தரிக்காயின் நல்லது கெட்டது சொல்லிவிடுவார். ஆனால் பக்கத்து ஊரான தண்ணீரூற்றிலுள்ள அவருடைய வீட்டுக் குசினிக்குள் அந்தக் கத்தரிக்காய் ஒன்றுகூடப் போனதில்லை. மனைவி ஸுல்பா பின்வளவில் தானே நட்டு, தானே பறித்துத்தான் சமைப்பாள்.

"மரக்கறிக்காரன்ர வீட்டில தோட்டம் எதுக்கு?" என்று அவர் பகிடி பண்ணுவார். அவள் சிரித்தபடி மண்வெட்டியோடு போய்விடுவாள். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்திலும் கொட்டிலைச் சுற்றிப் பாகற்கொடி படரவிட்டவள் அவள். ஊருக்குத் திரும்பி வந்து, வீட்டுக்கு ஓடு போடுவதற்கு முன்னரே பாத்தி கட்டியவள்.

சோளகக் காற்று எழும்பிய நேரம், வவுனியாவில் மகள் ஸம்ஹாவுக்குக் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் முடியும்வரை உம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். பையைக் கட்டிக்கொண்டே ஸுல்பா சொன்னாள்:

"தண்ணி ஊத்த முதல் மண்ணைத் தொட்டுப் பாருங்கோ."

"தண்ணி ஊத்துறதும் ஒரு வேலையா? நீ யோசிக்காமப் போ."

கடையைப் பூட்டிவிட்டு வந்து, கொளுத்தும் வெயிலில் மோட்டரைப் போட்டு வளவு முழுக்க வெள்ளமாய் விட்டார் முன்ஸிர். ஒரு கிழமைக்குள் மிளகாய் இலை மஞ்சளாகி, கத்தரி தலையைத் தொங்கப்போட்டது. தண்ணீர் காணாதாக்கும் என்று இன்னும் விட்டார். கடைசியில் வெட்கத்தை விட்டுப் போன் எடுத்தார்.

"ஸுல்பா, உன்ர கத்தரி சாகப்போகுது."

"விரலை மண்ணுக்குள்ள விடுங்கோ. எப்பிடி இருக்கு?"

"சேறு."

"வேருக்கு மூச்சு விடேலாமக் கிடக்கு. ரெண்டு நாளைக்குக் கிட்டவும் போகாதேங்கோ. பிறகு விடியக்காலமை, வேரடியில மட்டும்."

மண் காயும்வரை செய்ய வேலை எதுவும் இல்லை. அதனால்தான் முன்ஸிர் தோட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார். சோளகம் அடிக்கும் பக்கமாக முருங்கை வரிசையாக நின்றது. அது காற்றைத் தடுத்தது. பின்னேர வெயில் சுடும்போது அதன் நிழல் சரியாக மிளகாய்ப் பாத்தியில் விழுந்தது. குசினித் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போனது. அஸர் தொழுகைக்கு வுளுச் செய்து கைகால் கழுவிவிட்டு எழும்பும்போது, காலடியில் ஓடும் நீரைப் பார்த்தார். சின்ன வாய்க்கால் ஒன்று வல்லாரைக்குள் புகுந்து, வாழையடியில் போய் முடிந்தது. இத்தனை வருடமாக ஐந்து வேளையும் தானே அந்த வாழைக்குத் தண்ணீர் விட்டிருப்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி அதிலேயே நின்றுவிட்டார்.

கத்தரி தலை நிமிர்ந்தது. ஒரு காலை அதில் ஊதாப் பூ ஒன்று விரிந்திருந்தது. இவ்வளவு காலம் கத்தரிக்காய் விற்றும் அதன் பூவை அவர் நின்று பார்த்ததில்லை. அன்று சந்தையில் ஒருத்தி காயை நகத்தால் கீறிப் பார்த்தபோது அவர் கையை நீட்டி மறித்தார்.

"கீறாதேங்கோ பிள்ளை. அது கஷ்டப்பட்டுக் காய்ச்சது" என்றார். அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பிறகொரு நாள் காற்று உரத்து அடித்துப் புடோல் பந்தலைச் சரித்துவிட்டது. கடையிலிருந்து வந்தவர் முறிந்த கொடிகளைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டார். குந்தியபடியே போன் எடுத்து விசயத்தைச் சொன்னார்.

"வேர் அசைஞ்சதா?" என்றாள் ஸுல்பா.

"இல்லை."

"அப்ப முறிஞ்சதை வெட்டி விடுங்கோ. தளிர்க்கும். நீங்க சாப்பிட்டீங்களா?"

மூட்டை கட்டும் கயிற்றால் பந்தலை நிமிர்த்திக் கட்டினார். வெட்டிய இடத்துக்குக் கீழே தளிர் வந்தது.

நாற்பது கழிந்து ஸுல்பா வந்தாள். வீட்டுக்குள் போகாமல் நேரே பின்வளவுக்கு நடந்தாள். இலைகளைத் திருப்பிப் பார்த்தாள், மண்ணை அமுக்கிப் பார்த்தாள். முன்ஸிர் பின்னாலேயே போனார். கிணற்றுக்கு அங்கால் பள்ளமான மூலையில் அவள் நின்றுவிட்டாள். அங்கே பயற்றை முளைத்திருந்தது.

"இது ஆர் போட்டது?"

"நான்தான். சும்மா கிடந்த இடம்."

"மாரிக்கு இதில முழங்கால் தண்ணி நிக்குமே!" என்றவள், அவருடைய முகம் வாடுவதைக் கண்டு குரலை மாற்றினாள். "பரவாயில்லை. மழைக்கு முதல் காய்ச்சிடும்."

"அதுக்குப் பிறகு?"

"நீங்கதானே போட்டனீங்க. நீங்களே சொல்லுங்கோ."

முன்ஸிர் பள்ளத்தைப் பார்த்தார், தண்ணீர் வரும் பக்கத்தைப் பார்த்தார். சந்தையில் ஈரம் சொட்டச் சொட்ட வந்திறங்கும் கீரைக்கட்டுகள் நினைவுக்கு வந்தன.

"கங்குன். அது தண்ணிக்குள்ளதானே வளரும்?"

ஸுல்பா அவரை வடிவாக உற்றுப் பார்த்தாள். "இது எனக்கு இவ்வளவு நாளும் புத்தியில ஓடேல்லையே" என்றாள். பகிடி பண்ணுகிறாளோ என்று அவள் முகத்தை அவர் ஆராய்ந்தார். இல்லை.

ஐப்பசியில் மழை இறங்கிப் பள்ளம் நிறைந்தது. பயற்றை ஓய்ந்ததும் நட்டிருந்த கங்குன் அதில் கிடந்து மதாளித்து வளர்ந்தது. முன்ஸிர் சாரத்தை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் இறங்கி, முதல் பிடியைப் பறித்துக் குசினியில் ஸுல்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.