வாத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

டார்கஸ் கூடையிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உருண்டுவிடாமல் மேசையில் வைத்துவிட்டு, அடியில் துணி சுற்றிக் கிடந்ததை வெளியே எடுத்தாள். வண்டியில் கூட வந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கெட்டில்பியிலிருந்து யார்க் வரைக்கும் அதை முட்டைக்கடியில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள். அவள் துணியைப் பாதி பிரிப்பதற்குள்ளேயே ஆம்ப்ரோஸ் கில்லுக்கு அது என்னவென்று தெரிந்துபோயிற்று. தன் கையால் செம்பில் வெட்டிய கோடு எதுவானாலும் பத்தடி தள்ளி நின்றே அவருக்கு அடையாளம் தெரியும். கெட்டில்பி சந்தைத் திடலின் அச்சுப்படம். நடுவில் கல் சிலுவை, பின்னால் தேவாலயக் கோபுரம், வலப்பக்கம் 'கறுப்புக் காளை' சத்திரம். அவள் இவை எதையும் பார்க்கவில்லை. இடது மூலையில் விரலை வைத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரருங்க. சைலஸ். பீப்பாய் செய்யறவரு."

அந்த மூலையில் ஒரு தொழுமரம். கால்களை நுழைத்துப் பூட்டுவதற்கு நான்கு துளைகள் போட்ட பலகை. இரண்டு பேருக்கான இடத்தில் ஒருவன்தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் நகத்தில் பாதி இருப்பான். ஒரு கால் உறை மட்டும் கணுக்காலுக்கு வழிந்து கிடந்தது. தலையைச் சத்திரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். ஒரு வாத்து கழுத்தை நீட்டி அவன் பெருவிரலைக் கொத்திக்கொண்டிருந்தது.

"எப்படி அவர்தான்னு சொல்றீங்கம்மா? மூஞ்சியே தெரியலையே" என்றார் ஆம்ப்ரோஸ். கேட்கும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தக் கால் உறைக்கு நாடா தைச்சவ நான்தாங்களே. எனக்குத் தெரியாதா?"

ஊர் ஊராகப் போய் உள்ளதை உள்ளபடி வரைந்துவந்து, அதைச் செப்புத் தகட்டில் வெட்டி அச்சடிப்பதுதான் இருபத்தைந்து வருடமாக ஆம்ப்ரோஸின் பிழைப்பு. மதிலில் ஒரு கல் பெயர்ந்திருந்தால் அவர் படத்திலும் அது பெயர்ந்திருக்கும். ஆம்ப்ரோஸ் பொய் சொன்னாலும் அவர் உளி பொய் சொல்லாது என்று யார்க்கில் சொல்வார்கள். அந்தப் பெயரில் அவருக்கு அடங்காத பெருமை. இன்று அதே பெயர் முட்டைக்கடியில் சுருண்டு வந்து வாசற்படி ஏறியிருக்கிறது.

"அவர் குடிச்சது தப்புதான், நான் இல்லேங்கல" என்றாள் டார்கஸ். "ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல காளைச் சத்திரத்துல உக்காந்து குடிச்சாரு. பிடிச்சாங்க. சந்தை நாளன்னிக்கு ஆறு மணி நேரம் கால மாட்டி வச்சாங்க. அடுத்த சந்தைக்குள்ள ஊரு மறந்துடுச்சு. இவரே மறந்துட்டாரு. ரெண்டு வருசம் கழிச்சு நீங்க படம் போட்டீங்க. இப்ப காளைச் சத்திரத்துல ஒண்ணு தொங்குது, வைத்தியர் வீட்டுல ஒண்ணு, பாதிரியார் வீட்டுலயே ஒண்ணு. இவரு தெருவுல கால வச்சா பின்னாலேர்ந்து வாத்து மாதிரி கத்துறானுங்க. விடியறதுக்கு முன்னாடி பீப்பாயக் கொண்டுபோய்ப் போட்டுட்டு, பகல் பூரா கதவச் சாத்திட்டு உக்காந்திருக்காரு. அன்னிக்கு அங்க வாத்தே இல்லீங்க."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அந்த ஊர் வாய்க்கு வாத்தைக் கொடுத்தவர் இவர். மூலை வெறிச்சென்று இருக்கிறதே என்று நினைத்து, இங்கே இந்த மேசையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே வெட்டினார். நடந்ததை ஊர் மறந்துவிட்டது. நடக்காத வாத்து நின்றுவிட்டது.

"அவர எடுத்துடுங்க ஐயா. அவ்வளவுதான் கேக்கறேன்."

தகடு மேசையிலேயே இருந்தது. தேய்ந்த கோடுகளை ஆழப்படுத்தித் தரச் சொல்லி, இரண்டாம் பதிப்புக்காகப் பதிப்பாளர் போன வாரம்தான் அனுப்பியிருந்தார். "வாத்தும் ஆளும் இருப்பதால்தான் விற்கிறது, அதைத் தொட்டுவிடாதே" என்று கூடவே ஒரு சீட்டும் வந்திருந்தது. ஆம்ப்ரோஸ் அந்தச் சீட்டை மடித்து மெழுகுவர்த்தித் தாங்கிக்கடியில் செருகினார். பழைய கம்பளியால் சுற்றிய நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

கூர்ச்சுரண்டியை எடுத்து வேலையைத் தொடங்கினார். சுருள் சுருளாகச் செம்பு வந்தது. முதலில் கால் உறை போயிற்று, பிறகு முதுகு.

"தலையத் திருப்பிக்கிட்டிருக்காரே" என்று அவர் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் டார்கஸ். "அவமானம் தாங்காமத் திரும்பிட்டாரா? நீங்க நேர்ல பாத்தீங்களே?"

கூர்ச்சுரண்டி ஒரு கணம் நின்றது.

பார்த்தார். சத்திரத்தின் மாடி ஜன்னலில், மடியில் வரைபலகையோடு உட்கார்ந்து பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சைலஸுக்கு எதிரே உட்கார்ந்து குடித்தது அவர்தான். வா, இன்னொரு கிண்ணம் என்று ஊற்றிக் கொடுத்ததும் அவர்தான். காவலர் முன்வாசலில் நுழைந்தபோது சமையற்கட்டு வழியாக அவர் நழுவினார். சைலஸ் நழுவவில்லை. போதையில் பாட்டை முடிக்க வேண்டுமென்று உட்கார்ந்துவிட்டான். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் கால்களைப் பூட்டியதும் அவன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான், ஆம்ப்ரோஸைக் கண்டான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தன் பார்வை போகும் திசையில் ஊரும் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் திருப்பினான். ஆறு மணி நேரமும் அப்படியே வைத்திருந்தான். அந்தத் தோரணை நன்றாக அமைந்துவிட்டது என்று ஆம்ப்ரோஸ் வரைந்து முடித்தார்.

"தெரியலம்மா" என்றார்.

"அன்னிக்கு அவரோட குடிச்சவரு ஒருத்தர் இருந்தாராம். யாருன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். வெளியூர்க்காரன், பொழப்பு கெட்டுடும்னு சொல்லி வாய மூடிக்குவாரு. அந்த மகராசன் வந்து அபராதத்தக் கட்டியிருந்தாக்கூட இந்தக் கட்டையில உக்கார வேண்டியிருந்திருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "உங்ககிட்ட வரச் சொன்னதே அவர்தாங்க. போய்க் கேளு, கெட்டவர் இல்ல, செஞ்சு குடுப்பாருன்னாரு. உங்களுக்கு அவர முன்னமே தெரியுமா?" என்றாள்.

"தெரியாது" என்றார் ஆம்ப்ரோஸ்.

சொன்ன வாயை அப்படியே பிய்த்து எறிந்துவிடலாம் போலிருந்தது அவருக்கு. குனிந்து அந்தத் திரும்பிய தலையைச் சுரண்டினார். கூர்ச்சுரண்டி இரண்டு முறை வழுக்கியது. பிறகு தகட்டைக் கவிழ்த்து, குழி விழுந்த இடத்துக்கு நேர் பின்புறம் சின்னச் சுத்தியலால் தட்டினார். குழி மேலே எழும்பிச் சமமாயிற்று. முன்பக்கம் மெருகேற்றியபோது சைலஸ் அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லை. பின்பக்கத்தில் மட்டும் சுத்தியல் பட்ட தழும்புகள் நகமளவுக்குக் கிடந்தன.

மை தடவி, அச்சில் கொடுத்து, ஈரத்தாளை உரித்து அவளிடம் காட்டினார். டார்கஸ் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தாள். அவள் முகம் தெளியவில்லை.

"இப்பவும் அவர்தான் தெரியறாரு ஐயா. காலிக் கட்டையப் பாத்தா, இங்க யாரு உக்காந்திருந்தாங்கன்னுதானே கேப்பாங்க? வாத்து வேற சும்மா நிக்குது. வேற யாரையாவது உக்கார வைங்க. எங்க ஊர்ல இல்லாத ஆளா."

"இல்லாத ஆளா" என்று திருப்பிச் சொன்னார் ஆம்ப்ரோஸ்.

தகட்டில் எல்லாம் இடம் வலமாக வெட்ட வேண்டும் என்பதால் அவர் மேசையில் எப்போதும் ஒரு கண்ணாடி நிற்கும். வரைபடத்தை அதன் எதிரே வைத்து, கண்ணாடியில் பார்த்துத்தான் வெட்டுவார். இப்போது எதிரே வரைபடம் இல்லை. அவர்தான் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் செப்புத்தூள், இறங்கிப்போன கன்னம், வழுக்கையின் ஓரத்தில் கத்தையாக நிற்கும் நரைமுடி. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து உளியைப் பிடித்தார். இந்த முறை எதுவும் வழுக்கவில்லை. முடிக்கத்தையிலிருந்து தொடங்கினார். நெற்றி, மூக்கு, தாடை. பார்லி அரிசி அளவு முகம். தலையை அவர் எந்தப் பக்கமும் திருப்பவில்லை. பார்க்கிறவர்களை நேரே பார்க்கும்படி வைத்தார். கீழே, தொழுமரத்தில், சைலஸ் இருந்த துளைகளை விட்டுவிட்டு அன்று காலியாக இருந்த இரண்டில் கால்களை நுழைத்தார். வாத்தைத் தொடவில்லை.

டார்கஸ் கூடையில் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி முட்டையைக் கையில் வைத்தபடியே வந்து, அவர் தோளுக்கு மேல் குனிந்தாள்.

"இந்த ஆளு நேரா முறைச்சுப் பாக்கறானே" என்றாள். "யாருங்க இது? எங்க ஊருப் பக்கம் வந்திருக்கானா?"

ஆம்ப்ரோஸ் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்து அவளுடைய மறு கையில் கொடுத்தார். அவள் அதன் வழியாகத் தகட்டைப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். எதிரே நின்ற கண்ணாடியில் அவள் முகமும், அதற்குக் கீழே அவர் முகமும் தெரிந்தன. அவர் தலையைத் திருப்பவில்லை. அவள் கையில் மிச்சமிருந்த ஒற்றை முட்டை இன்னும் கூடைக்குள் போகவில்லை.