நாற்பது கையெழுத்து

எங்கள் மன்றத்து ஆட்களுக்கு மாதம் ஒருமுறை உலகத்தின் மேல் இரக்கம் வரும். இந்த மாதம் அது காபிக்காரர்கள் மேல் வந்தது. நியாய வணிகக் காபியாம். பயிரிடுகிறவனுக்கு உரிய விலை, பறிக்கிறவளுக்கு உரிய வேலை நேரம், இதெல்லாம் பார்த்து வாங்கிய கொட்டை. நல்ல விஷயம்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொண்டாடுகிறேன் பேர்வழி என்று வந்து உட்காருகிறார்களே, அந்த முகங்களைத்தான் சகிக்கவில்லை.

மன்றத்துச் சமையலறையில் நானும் என் அண்ணியும் வேலை செய்கிறோம். ஐந்து மணியோடு எங்கள் நேரம் முடிந்துவிடும். அன்று மூன்று மணிக்கு அண்ணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இருபது நாளாகப் படுத்துக் கிடக்கும் என் அண்ணனுக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன் செய்ய இடம் கிடைத்திருக்கிறது. மனைவி ஆறு மணிக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

"அஞ்சு மணிக்குக் கெளம்பினா போய்ச் சேர்ந்திடலாம், இல்ல?" என்று அண்ணி என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டாள்.

கூடத்தில் நாற்பது பேர். காகிதக் கப் பூமிக்குக் கேடு என்று எல்லோருக்கும் பீங்கான் கப். பூமி தப்பித்தது, எங்கள் இடுப்பு போனது. மைக்கைப் பிடித்திருந்தவர் மோப்பக்காரர். காபியைக் குடிக்காமல் முகர்ந்துகொண்டே இருப்பார் என்பதால் நாங்கள் வைத்த பெயர். அவர் கப்பில் ஆரஞ்சுத் தோல் வாசனை வருகிறதாம். ஆரஞ்சும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் சரியாக அலசாத சோப்பு அது.

பிறகு மன்றத்துத் தலைவியம்மா சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். 'வேலை நேரம் முடிந்த பிறகும் ஆட்களை வாட்டி எடுத்துத் தரும் காபியை ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன்.' நாற்பது பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கொரு போட்டோ வேறு.

மணி ஐந்து. அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தலைவியம்மாவிடம் போனாள்.

"அம்மா, நேரமாச்சு. அவருக்கு நாளைக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போடப் போகணும்."

"அடடா, பாவமே! இன்னும் ஒரே ஒரு ரவுண்டும்மா. கப்பெல்லாம் கழுவி அடுக்கிட்டுக் கெளம்பிடுங்க. இன்னைக்கு எவ்வளவு முக்கியமான நாள்னு உனக்கே தெரியும்."

அண்ணி வாய் திறந்து எதிர்த்துப் பேசுகிற ரகம் இல்லை. திரும்பி வந்து குழாயைத் திறந்தாள். அவசரத்தில் ஒரு கப் நழுவித் தொட்டியில் விழுந்து உடைந்தது. மணி ஐந்து இருபது. வேலை போனால் போகட்டும் என்று கூடத்துக்குப் போனேன். சுவரில் இருந்த தாளைக் கிழித்தெடுத்து எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டுச் சொன்னேன்.

"இந்தக் காபியைப் போட்டவங்களுக்கு நேரம் முடிஞ்சு இருபது நிமிஷமாச்சு. எல்லாரும் கப்பைக் கீழ வைங்க!"

மோப்பக்காரர் கையிலிருந்த கப்பை நானே பிடுங்கி வைத்தேன். பிறகு யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும்.

"நாடகம் இருக்குன்னு சொல்லவே இல்லையே!" என்றார் தலைவியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்ன இயல்பான நடிப்பு!" என்றார் மோப்பக்காரர்.

அட கடவுளே! இந்த ஜென்மங்களிடம் கோபப்பட்டுக்கூடக் காட்ட முடியாது போலிருக்கிறது.

"அண்ணி, வாங்க போகலாம்!" என்று கத்தினேன். அண்ணி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த ஈரத் துணியை அவிழ்த்துத் தலைவியம்மா தோளில் போட்டேன். கைதட்டல் இரண்டு மடங்கானது. பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். நாங்கள் வாசலைத் தாண்டும்போது, "அடுத்த காட்சி எப்போ?" என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், அந்தத் தாள் என் கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஆறு மணியாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நர்ஸ் படிவத்தை நீட்டினார். அண்ணி பேனாவை இறுக்கிப் பிடித்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அது என்ன, கையெழுத்தா இருக்கு?"

"நாப்பது பேர் போட்டது" என்றேன்.

"எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னாள்.

"சும்மாதாங்க."