முப்பத்தோராவது மைல்

என் கணவர் மிஹ்ஜன் இறந்தது முப்பதாவது மைலுக்கு அப்பால், இருபத்திரண்டாவது கயிற்றில். அளவை அன்று அதுவரை வந்திருந்தது.

சிஞ்சார் சமவெளியில் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். துருவ நட்சத்திரம் ஒரு பாகை உயரும்வரை நேராக நடக்க வேண்டும். நடந்த தூரத்தை முந்நூற்று அறுபதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. கலீஃபாவின் உத்தரவு. நாங்கள் கற்களைக் குவித்துத் தொடங்கிய அதே இடத்திலிருந்து இன்னொரு கூட்டம் தெற்கே போயிருந்தது.

கயிறு ஐம்பது முழம். எண்பது கயிறு ஒரு மைல். ஒவ்வொரு மைல் முடிவிலும் ஒரு கட்டை அறைவது மிஹ்ஜனின் வேலை. மொத்தம் அறுபது கட்டைகள். அவை இருந்த சாக்கும் தண்ணீர்த் தோல்பைகளும் ஏற்றிய கழுதையை நடத்துவது என் வேலை. திரும்பும்போது எல்லாக் கட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு போய் சிஞ்சார் காஜியின் முன் அடுக்க வேண்டும். அறுபதும் இருந்தால்தான் சாட்சிகள் கையெழுத்திடுவார்கள்.

முதல் நாளே மிஹ்ஜன் எழுத்தரைச் சீண்டத் தொடங்கினார். சர்கிஸ் கிறிஸ்தவர், கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்.

"சர்கிஸ் அண்ணே, உங்க கிரேக்கன் இதையெல்லாம் எப்பவோ அளந்துட்டான்னு சொன்னீங்க. அப்புறம் நாங்க எதுக்குக் காலைத் தேய்க்கணும்?"

"அளந்துதான் இருக்கான். ஒரு பாகைக்கு ஐந்நூறு ஸ்தாதியம்."

"ஒரு ஸ்தாதியம் எத்தனை முழம்?"

"அதை எழுதாம விட்டுட்டான்."

"அட! எங்க மாமனாரும் இப்படித்தான். பத்துக் குடம் நெய் தர்றேன்னாரு. குடம் எவ்வளவு பெருசுன்னு சொல்லல. வந்து பாத்தா கைக்குள்ள அடங்குது."

"அந்த நெய்யைத் தின்னுதான் இந்தத் தொப்பை" என்றேன்.

சர்கிஸ் சிரித்ததில் மை சிந்தியது. அளவையாளர் நுஃமான் திரும்பிப் பார்த்தார். "எண்ணிக்கை தப்பினா மூணு பேரையும் இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்."

ஒன்பதாம் நாள் மிஹ்ஜன் ஒரு கிணற்றில் தண்ணீர் குடித்தார். மாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் வெயில் ஏறும் முன் இறந்துவிட்டார். குளிப்பாட்டத் தண்ணீர் போதாது என்று மணலால் தூய்மை செய்தார்கள். அளவைக் கோட்டிலிருந்து நூற்றுப் பதினொரு எட்டு கிழக்கே அடக்கம் செய்தார்கள்.

"வீட்டோட துக்கம் காக்குற இத்தாவை ஊருக்குப் போய் இருந்துக்கம்மா" என்றார் நுஃமான். "இப்ப உன்னைத் தனியா அனுப்ப முடியாது." பிறகு மரச் சுத்தியலை என்னிடம் கொடுத்தார். கயிறு இழுப்பவர்களில் ஒருவரைக்கூட விட முடியாது என்றார். வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னே போனார்கள். அந்தச் சமவெளியில் தலைமாட்டில் வைக்க ஒரு கல் கூடக் கிடையாது. மண்மேடு ஒரு கையளவுதான் உயர்ந்திருந்தது. இரண்டு காற்று அடித்தால் போய்விடும். மாமியார் இடத்தைக் காட்டச் சொல்வாள். சாக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்துத் தலைமாட்டில் அறைந்தேன். சுத்தியலால் எட்டு அடி அடித்ததும் இறங்கியது. மிஹ்ஜன் அறைந்தால் நான்கே அடி போதும்.

அதன் பிறகு கட்டை அறைந்தேன், கழுதைக்குத் தண்ணீர் காட்டினேன், ரொட்டி சுட்டேன். அழுகை வரும் என்று எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை.

பாகை முடிந்த இடத்தில் நுஃமான் சாக்கைக் கொட்டினார். மூன்று கட்டைகள். அறைந்தவை ஐம்பத்தேழு என்று ஆனது. சர்கிஸின் புத்தகத்தில் மைலுக்கு ஒன்றாக ஐம்பத்தாறு கோடுகள் இருந்தன. மைல் நிறையாத மிச்சம் ஐம்பத்து மூன்று கயிறு.

"அடக்கம் பண்ணின அன்னிக்கு ஒரு கோட்டை விட்டிருக்கே" என்றார் நுஃமான்.

சர்கிஸ் தாளைப் புரட்டினார். "இருக்கலாம், ஐயா. அன்னிக்கு அழுதுட்டு இருந்தேன்."

"இருக்கலாமா? பூமியோட சுத்தளவுல முந்நூத்தறுபது மைல்யா அது! கிரேக்கன் அளவைச் சொல்லாமப் போனான்னு சிரிச்சியே, நீ என்ன பண்ணியிருக்கே?"

கயிறு இழுப்பவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"திரும்பிப் போறப்ப முழுசும் மறுபடி அளக்கலாம்" என்றார் நுஃமான்.

அது இன்னும் பதினெட்டு நாள். தோல்பைகளில் பத்து நாளுக்குத்தான் தண்ணீர் இருந்தது. பிறகு அதே கிணறுதான். நான் பேசாமல் இருந்தால் அந்தக் கட்டை அங்கேயே இருக்கும். கோட்டை விட்டு அவ்வளவு தள்ளி யாரும் தேடமாட்டார்கள்.

"ஒரு கட்டை அவர் தலைமாட்டுல இருக்கு" என்றேன். "சர்கிஸ் அண்ணன் கோடு சரிதான்."

நுஃமான் என் பக்கம் திரும்பினார். "அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

திரும்பும்போது அளக்கவில்லை. கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டே நடந்தோம். ஐந்தாம் நாள் அந்த இடம் வந்தது. மேடு ஏற்கெனவே தணிந்திருந்தது. கட்டை இல்லாவிட்டால் கடந்து போயிருப்போம்.

"ஐயா, இந்த ஒண்ணை விட்டுடலாம்" என்றார் சர்கிஸ். "நடந்ததை நான் காஜிகிட்டச் சொல்றேன்."

"நீ சொல்லுவே. தெற்கே போனவங்க, அந்தக் கட்டை எந்த மைல்ல நிக்குதுன்னு கேப்பாங்க. எனக்கும் மனசு இருக்குய்யா. சாட்சி சொல்றவங்களுக்குக் கட்டைதான் வேணும்."

ஒரு ஆள் முன்னே வந்தான். நானே எடுக்கிறேன் என்றேன். மண் இறுகியிருந்ததால் அசைத்து அசைத்துத்தான் வந்தது. குழியில் கையால் மண்ணைத் தள்ளினேன். கட்டையைச் சாக்கில் போட்டேன்.

சர்கிஸ் புத்தகத்தைத் திறந்து எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். "தொடக்கக் கற்குவியல்லருந்து வடக்கே இரண்டாயிரத்து நானூத்தி இருபத்திரண்டு கயிறு. அங்கிருந்து கிழக்கே நூத்திப் பதினொரு எட்டு. மிஹ்ஜன்."

"எங்க மாமியார் வந்து பாக்கணும்னா?"

"இதே கயித்தை அங்கிருந்து போட்டுக்கிட்டு வரணும், தங்கச்சி."

"யார் போடுவா?"

அவர் மையை ஊதிக் காயவைத்தார். முப்பதாவது கட்டை இருபத்திரண்டு கயிறு தள்ளி இருந்தது. கழுதையின் கயிற்றைப் பிடித்தேன்.