மூடுபனி ஷாட்

பொன்னுவேலின் காப்பித்தூளுக்கு இரண்டு நிமிட விளம்பரப் படம். எடுக்க வந்த சேலத்து ஹரிஹரன் முதல் நாளே முறையைச் சொல்லிவிட்டான்.

"முதல் எடிட்டை அனுப்புவோமுங்க. ரெண்டு தடவை திருத்தம் சொல்லலாம். நீங்க ஓகேன்னுட்டா, முப்பது நாள்ல எடுத்ததையெல்லாம் அழிச்சிருவோமுங்க. டிஸ்க் அடுத்த வேலைக்கு வேணும்."

"நம்முளுது ஒரே பேச்சு, கண்ணு" என்றார் பொன்னுவேல்.

முதல் எடிட் போனில் வந்தது. மனைவி முத்தாயியும் எட்டிப் பார்த்தாள். எடுத்த எடுப்பில் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் நிமிர்ந்து சிரித்தாள்.

கலா. நான்கு வருடம் முன்பு வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு வெள்ளக்கடை கிராமத்துக்குப் போன மகள். அன்றே அவள் போட்டோக்களையெல்லாம் அடுப்பில் போட்டவர் பொன்னுவேல். படப்பிடிப்பன்று அவர் ஊரில் இல்லை. பழம் பறிக்கிறவர்களோடு கூலியாளாக வந்து அப்பன் தோட்டத்தில் நின்றிருக்கிறாள்.

"இவளை எடுத்துரு" என்றார் போனில்.

"ஐயா, அந்தச் சிரிப்புதானுங்க படத்துக்கே உசுரு."

"படம் என்னுதா, உன்னுதா?"

அந்த இடத்தில் மூடுபனி ஷாட்டைப் போட்டு அனுப்பினான் ஹரிஹரன். முதல் எடிட்டைப் போனிலிருந்து அழித்துவிட்டு, ஓகே என்று எழுதி அனுப்பினார் பொன்னுவேல்.

ஓகே சொன்ன ஐம்பதாம் நாள், மலைப்பாதையில் வண்டி சறுக்கிக் கலா போய்ச்சேர்ந்தாள். அவர் இழவுக்குப் போகவில்லை, முத்தாயியையும் விடவில்லை.

மூன்றாம் நாள் காலை சுவரில் ஆணி அடித்திருந்தாள் முத்தாயி. "மாலை போட ஒரு படம் வேணுமுங்க. மாப்பிள்ளையக் கேளுங்க."

"அவன் ஊட்டுப் படி ஏற மாட்டேன்."

ஆனால் ஹரிஹரனைக் கூப்பிட்டார்.

"அந்தச் சிரிச்ச பொண்ணு… ஒரு துண்டு இருந்தாலும் போதும், சாமி."

"அழிச்சாச்சுங்களே ஐயா. நீங்க ஓகே சொன்னீங்க. யாருங்க அது?"

அவர் போனை வைத்துவிட்டார்.

"போன்ல இருக்கற விளம்பரப் படத்தைப் போடுங்க" என்றாள் முத்தாயி. மூடுபனி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "ஏனுங்க, இங்கதானுங்க இருந்தா?"

"ஆமா."

போனை ஆணிக்குக் கீழே சுவரில் சாய்த்து, முன்னால் ஒரு முழம் பூ வைத்தாள். சற்று நேரத்தில் திரை இருண்டது. பொன்னுவேல் குனிந்து விரலால் தொட்டார், பனி வந்தது. மறுபடி இருண்டது. மறுபடி தொட்டார். அணையவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.