பொன்னாயி போட்ட ஓட்டு

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை, கட்டுரை. 'தேர்தலைச் சீர்திருத்தப் பத்து யோசனைகள்' என்று தலைப்புக்கூட வைத்தாயிற்று. வேட்பாளர் செலவைக் கண்காணிக்க ஆள் வேண்டும். தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். செத்தவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து உடனே நீக்க வேண்டும். இந்த மூன்றாவது யோசனைக்கு ஓர் உதாரணம் தேடித்தான் நாமக்கல் நீதிமன்றத்துக்குப் போனேன். சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதியது போல் ஆகிவிட்டது.

அங்கே சாட்சிக் கூண்டில் ஒரு பெண் நின்றாள். கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுக்காரி (அங்கே நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி), முப்பத்தெட்டு வயது, சொந்தக் காட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவள். கோகிலா என்று வைத்துக்கொள்வோம். அவளைப் பார்த்த நாளிலிருந்து என் நான்காவது யோசனை நகரவில்லை.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, ஒளிக்கக் கூடாது என்பதால் இங்கேயே: வேட்பாளர்கள் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவன் நான். ஆகவே என் பங்குக்கு. இந்தக் கதைக்காக இரண்டு முறை மலையேறினேன். ஒருமுறை ஜெயித்தவரின் ஜீப்பில். தோற்றவர் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டேன், மறுசோறும் கேட்டு வாங்கினேன். இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பனி தவழ்ந்து—"

[வேண்டாம். லாட்ஜ் விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

இரண்டாவது: "பொன்னாயி செத்துப் பத்தொன்பதாம் நாள் ஓட்டுப் போட வந்தாள்."

[இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பில் போட்டு உடைக்கிறது. ஆனாலும் அடித்த பிறகு என் கண் திரும்பத் திரும்ப அதன் மேலேயே போகிறது.]

மூன்றாவது, சுற்றி வளைக்காமல்:

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு வேட்புமனு போடுகிற சமயத்தில் கோகிலாவின் அம்மா பொன்னாயிக்கு மூச்சுத் திணறியது. பஸ் போய்விட்டது. அப்போதுதான் வேட்பாளர் அர்த்தனாரியின் ஜீப், கொடியோடும் மைக்கோடும், அந்த வழியாக வந்தது. அவரே கதவைத் திறந்து பொன்னாயியைத் தூக்கிப் படுக்க வைத்தார். எழுபது வளைவிலும் அம்மாவின் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள் கோகிலா. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். திரும்பி ஏறியதும் அதே ஜீப்பில்தான்.

ஊர் எல்லையில் ஜீப் நின்றது.

"அட, நன்றியெல்லாம் எதுக்குங்க பெரியம்மா," என்றார் அர்த்தனாரி. "கோயில் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க. உங்க ஊட்டுல ரெண்டு ஓட்டு. சூடத்தை அணைச்சு ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா எனக்கும் மனசு நிம்மதிங்க."

காசை வாங்கிக்கொண்டு மாற்றிப் போடுகிறவர்கள் அந்த மலையிலும் உண்டு. ஆனால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு மாற்றிப் போட்டவர் என்று ஒருவரைக்கூட எனக்கு யாராலும் காட்ட முடியவில்லை. மீறினால் வம்சம் தழைக்காது. பொன்னாயி அணைத்தாள். பிறகு கோகிலா அணைத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பொன்னாயி மூச்சு வாங்க வாங்கச் சொன்னது: "வாக்குக் குடுத்தாச்சு கண்ணு. போட்டுப்போடோணும். மண்ணுக்குள்ள போனாலும் போட்டுப்போடோணும்."

அர்த்தனாரி பிற்பாடு தாக்கல் செய்த தேர்தல் செலவு விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் பார்த்தேன். ஜீப்புக்கு டீசல் இருக்கிறது. சூடம் இல்லை. என் பத்து யோசனைகளிலும் சூடம் இல்லை.

வாக்குப்பதிவுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது பொன்னாயி இறந்தாள். காட்டோரத்தில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்தார்கள். சாவைப் பதிய யாரும் ஆபீசுக்குப் போகவில்லை. வரிசை எண் 217, பொன்னாயி, வயது 66 என்பது பட்டியலில் அப்படியே இருந்தது.

3

இனி வாக்குச்சாவடி. கோகிலா காலையிலேயே வந்து, தன் ஓட்டைச் சொன்னபடி போட்டுவிட்டு, விரலில் மையோடு கிழங்கு பிடுங்கப் போய்விட்டாள். இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பிற்பகல் வரிசையை எழுதும்போதுதான் எனக்குச் சங்கடம் வந்தது. ஏழு பெண்களை நிற்கவைத்தேன். மறுநாள் தாளை எடுத்துப் படித்தால் கடைசியில் ஒரு வாக்கியம் கூடுதலாக இருந்தது: "கடைசியாக, கால் நிறையச் செம்மண்ணோடு ஓர் அம்மாள்." கையெழுத்து என்னுடையதுதான். எழுதிய ஞாபகம் மட்டும் இல்லை. தூக்கக் கலக்கம் என்று சொல்லி அடித்தேன். சுத்தப்பிரதி இது:

"பகல் மூன்று மணி. பனி இறங்கி எதிர் ஆள் முகம் தெரியவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள் வரிசை. முன்னால் ரேஷன் கடை சங்கீதா. அடுத்து அக்காளும் தங்கையுமாக இருவர். அவர்களுக்குப் பின்னால் பைல் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள். அப்புறம் முதல் ஓட்டுப் போட வந்த கீர்த்தனா. அவள் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி. அவளுக்குப் பின்னால் கீர்த்தனாவின் அம்மா, மகள் உள்ளே போய்விட்டாளா என்று எட்டி எட்டிப் பார்த்தபடி. கடைசியில் குச்சி ஊன்றிய ஒரு கிழவி."

ஏழு பேர். இப்போது சரியாக இருக்கிறது.

4

அர்த்தனாரி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். 412, 411. தோற்ற செல்லமுத்து வழக்குப் போட்டார்: 217ஆம் எண்ணில் செத்தவள் பெயருக்கு ஓட்டு விழுந்திருக்கிறது, அதைக் கழித்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். ஐந்தாண்டுப் பதவி. வழக்கு சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் மூன்றாண்டு ஓடிவிட்டது. (என் இரண்டாவது யோசனை. யாராவது கேட்டால்தானே.)

வாக்குச்சாவடியில் வேலை பார்த்த அருணா டீச்சர் முதல் சாட்சி.

"வயசானவங்க சார். முக்காடு போட்டிருந்தாங்க. சிலிப்பைக் குடுத்தாங்க, ஒண்ணும் பேசல. கட்டைவிரலை நீட்டினாங்க. விரல் பூரா மண்ணு. துடைச்சுட்டுத்தான் மை வெச்சு அடிக்கட்டையில ரேகை எடுத்தேன்." முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார். "கை சில்லுனு இருந்துச்சு சார்."

"மார்கழி மாசம் கொல்லிமலையில யார் கைதாம்மா சுடும்?" என்றார் அர்த்தனாரியின் வக்கீல். நீதிமன்றம் சிரித்தது. கிழங்கு பிடுங்குகிற மலையில் எல்லார் விரலிலும் மண்தான் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். அந்த நேரம் செல்லமுத்துவின் ஏஜென்ட் சோறு தின்னப் போயிருந்தார். அர்த்தனாரியின் ஏஜென்ட் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்துக் கோகிலா. கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கினார்கள். செல்லமுத்துவின் வக்கீல் முரளி, அவளைவிட வயதில் சின்னவர், பதமாகத்தான் கேட்டார்.

"அக்கா, உங்கம்மா எப்ப இறந்தாங்க?"

"ஓட்டுக்குப் பத்தொம்பது நாள் முன்னாலங்க."

"அப்ப இது யார் ரேகை?"

வாக்குச்சீட்டின் அடிக்கட்டையை நீட்டினார். கோகிலா வாங்கிப் பார்த்தாள். ஊதா மை ரேகையின் நடுவில், குறுக்குச் சரிவாக, மை படாத ஒரு வெள்ளைக் கோடு.

கோகிலாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, தினை அறுக்கையில் அரிவாள் வழுக்கிப் பொன்னாயியின் இடது கட்டைவிரலைச் சரிவாக வெட்டியது. மஞ்சளை வைத்துத் துணி கட்டியவள் கோகிலாதான். அந்தத் தழும்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சந்தைக்கு நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், எழுபது வளைவும் இறங்கினாள்.

"தெரியலீங்க," என்றாள்.

நீதிபதி உத்தரவிட்டார்: பொன்னாயி வங்கியில் வைத்த ரேகையை வரவழைக்க வேண்டும். அடுத்த வாய்தாவில் கோகிலாவும் இடது கட்டைவிரல் ரேகை தர வேண்டும். நிபுணர் ஒப்பிட்டுச் சொல்லட்டும்.

5

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றுவிட்டேன். மூன்று முடிவுகள் முன்னால் கிடந்தன.

(அ) அர்த்தனாரியின் ஆட்கள் எவளோ ஒரு கிழவிக்கு முக்காடு போட்டு அழைத்து வந்தார்கள். தழும்பு தற்செயல். என் கட்டுரைக்கு இதைவிடத் தோதான முடிவு கிடையாது. சட்டம் ஜெயிக்கும், நானும் சன்மானம் வாங்குவேன்.

(ஆ) அம்மாவின் சத்தியம் பாக்கி நிற்கிறதே என்று கோகிலாவே திரும்பி வந்து அந்த ஓட்டைப் போட்டாள். பப்பாளிப் பால் தேய்த்தால் மை போகும் என்பார்கள். நான் ரொம்ப நாள் இதைத்தான் நம்பினேன். ஆனால் அவள் கட்டைவிரலில் தழும்பு இல்லை. கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த கையை நானே பார்த்தேன்.

(இ) இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

கோகிலாவுக்கும் அதே மூன்றுதான். அவள் பயத்தோடு உட்கார்ந்துகொண்டிருக்கவில்லை. வாய்தாவுக்கு நான்கு நாள் முன்பு, காலை வெயில் வந்ததும், சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனாள். மூன்றாண்டில் மேடு தணிந்திருந்தது.

"நீதான் போனியாம்மா?" என்றாள்.

மிளகுக்கொடி அசையாமல் இருந்தது.

"அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. போக வர ஒரு ஜீப்பு. இதுக்கா மண்ணைத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சுப் போன? பனியில? வெறுங்காலோட?" அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "செத்தும் நம்மள விட மாட்டாங்களாம்மா இவங்க?"

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்து—

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். இதை எடுக்க முடிந்தது.]

6

வாய்தா அன்று காலை சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மலை பஸ்ஸிலிருந்து இறங்கி நாமக்கல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். இடது கட்டைவிரலில் கனமாகத் துணி சுற்றியிருந்தது.

"கையில என்னங்க காயம்?"

"அரிவா பட்டுருச்சுங்க சார்."

குறுக்குச் சரிவாகத்தான் பட்டிருக்கும். நான் கேட்கவில்லை. நான்கு நாள் காயம் எது, முப்பது வருடத் தழும்பு எது என்று நிபுணருக்குத் தெரியாமலா போகும்? அதையும் சொல்லவில்லை.

"நாந்தான் போட்டேன்னு சொல்லீரப் போறேனுங்க," என்றாள் அவளாகவே. "என்ன பண்ணுவாங்க?"

"ஒரு வருசம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துல இருக்குங்க. நெஜமாவே நீங்கதான் போட்டீங்களா?"

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போட்டதுன்னு ஆயிருச்சுன்னா, எங்கம்மா படுத்த எடத்துலயே படுத்துக் கெடந்துச்சுன்னு ஆயிரும்ங்களே. ஒரு வருசந்தானுங்க. இருந்துட்டு வாரேன்."

சூடத்துக்கு அத்தனை பயந்தவள், கூண்டில் ஏறிக் கடவுள் அறியப் பொய் சொல்லப் போகிறாள். அவள் பயந்த எல்லாப் பாவத்தையும் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அம்மாவைப் படுக்கவைக்கப் போகிறாள். என் பத்து யோசனைகளும் பைக்குள் கிடந்தன. அவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்தில் வெளியே எடுக்கிற மாதிரி இல்லை.

நாமக்கல் பஸ் வந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க சார், நீங்க எங்க கதைய எழுதறீங்கன்னு முரளி வக்கீல் சொன்னாருங்க. ஓட்டுப் போட்ட அன்னைக்கு நடந்ததெல்லாம் எழுதீட்டீங்களா?"

"எழுதிட்டேனுங்க."

"அந்த வரிசையில," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எங்கம்மா நின்னுச்சுங்களா?"

சுத்தப்பிரதி என் பையில்தான் இருந்தது. ஏழு பேர் என்று நான் எழுதிவைத்த தாள். இல்லீங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் சிறைக்குப் போகாமலேயே வீடு திரும்பக்கூடும். சொல்வதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று தாளை எடுத்து, விரல் வைத்து எண்ணினேன். பிறகு மறுபடி எண்ணினேன்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் விரல் இன்னும் தாளின் மேலேயே இருக்கிறது. அந்தத் தாள் உங்களிடமும் இருக்கிறது, மூன்றாம் பகுதியில். போய் எண்ணிவிட்டு வந்து, என்ன சொல்வது என்று நீங்களே முடிவு செய்து, அவளிடம் சொல்லிவிடுங்கள்.