காதில் விழாத மூச்சு

காலரின் முனையைத் திருப்பிப் பிடித்தது வரைக்கும் ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் ஞாபகம் இருந்தது வலிதான். ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. காலை பதினோரு மணி. டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து மெஷின்காரி ஓடிவந்து சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி விரலை விடுவித்தாள். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டை வீணாகிவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு.

பத்தொன்பது வருஷமாக அந்தத் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். எல்லோருக்கும் அவள் 'காலர் அக்கா'. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கழுத்தைத்தான் பார்ப்பாள் என்று கிண்டல் செய்வார்கள். சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை. "இந்த மாசத்துல இது மூணாவது தடவைக்கா, நீங்க கண்ணு சொக்கறது. விரலோட போச்சுன்னு விடுங்க. கொஞ்ச நாள் நூல் பிசிறு வெட்டுங்க" என்றார். புதிதாகச் சேர்ந்த பெண்கள் உட்காரும் மேஜை அது. கத்தரிக்கோலும் கையுமாக அங்கே போய் உட்கார்ந்தபோது, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் மூட்டை தூக்கிவிட்டு வந்தவள் மாதிரிதான் எழுந்தாள். விடிந்ததும் தலைவலி. இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்குவேனா என்றது. வீட்டுக்கு இரண்டு மாடி ஏற வேண்டும். முதல் மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்த்தால் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவுவாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வீங்கிய காலில் வார் பதிந்த பள்ளம் இருக்கும். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: வயசாகுது. வயது நாற்பத்தேழு.

குறட்டையைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. சின்ன வயதில் அண்ணன்மார் அவளுக்கு வைத்த பெயர் ரோடு ரோலர். கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "அவர் தூங்கினதுக்கப்புறம் நீ தூங்கு" என்று மட்டும் சொன்னாள். புதுப்பெண் ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தாள். எட்டாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. தகரப் பட்டறையில் பதினைந்து வயதிலிருந்து சுத்தியல் அடித்த மனுஷன். ஒரு காது அறவே கேட்காது, மறு காது கத்தினால் கேட்கும். அதுவரை அவள் உதட்டைப் பார்த்தே சமாளித்திருந்தார். அன்றைக்கு அவள் தூங்கின தூக்கம்! காது கேட்காத மாப்பிள்ளை என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டியபோதெல்லாம், தெய்வம் பார்த்துக் கொடுத்தது இது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். ஒரே மகளுக்கு அம்மாவின் குறட்டை தாலாட்டு மாதிரி பழகிவிட்டது. அவளும் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

விரல் கட்டோடு இருந்த வாரத்தில்தான் நாத்தனார் வந்தாள், புருஷனுக்கு மூத்தவள். கண்புரை ஆபரேஷன் முடிந்து, நான்கு நாள் தங்கிப் போக வந்திருந்தாள். ஒரு கண்ணில் கட்டு. புத்தகம் கூடாது, டிவி கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி கடைக்குப் போயிருந்தார். காலர் அக்கா தலையைச் சாய்க்கலாம் என்று சுவரோரம் படுத்தவள், யாரோ தோளைப் பிடித்து உலுக்கியதில் திடுக்கிட்டு எழுந்தாள். நாத்தனார் கட்டுப்போட்ட கண்ணோடு அவள் முகத்துக்கு நேரே குனிந்திருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி, சத்தம் உங்களைத் தூங்க விடலையா?"

"சத்தம் கிடக்கட்டும்டி. சத்தம் நின்னு போச்சு. வயிறு மட்டும் ஏறி இறங்குது, மூக்குல காத்து இல்ல. நான் இருபத்தி மூணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் தண்ணியில முங்கி எழுந்த மாதிரி ஒரு இழுப்பு. மறுபடியும் நின்னுச்சு. நான் பார்த்தது மட்டும் ஆறு தடவை."

தம்பி வந்ததும் அவர் காதோடு வாயை வைத்து இதையே மறுபடி கத்தினாள். அவர் பையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைத்தார்கள். இதயத்தை ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டரம்மா தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "தூங்கறப்போ உங்க தொண்டை ஒட்டிக்குது. மணிக்கு நாப்பத்தொரு தடவை மூச்சு நிக்குது. அப்பல்லாம் ரத்தத்துல ஆக்சிஜன் சரியுது, இதயம் பதறி உங்களை எழுப்பி விடுது. எழுந்தது உங்களுக்கே தெரியாது. அதான் பகல்ல சொக்குது, பிரஷர் இறங்கல. நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல அழுத்தம் ஏறியிருக்கு. பூட்டின கதவைத் தள்ளற மாதிரி தள்ளித் தள்ளி, இதயத்தோட வலது பக்கம் கொஞ்சம் பெருத்திருக்கு. கால் வீக்கமும் அதனாலதான்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"மாஸ்க் போட்டுத் தூங்குங்க. உள்ள போற காத்து தொண்டையைத் திறந்து வைக்கும். மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம். எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாது." பிறகு அவள் புருஷன் பக்கம் திரும்பி, எல்லோரிடமும் கேட்பதுபோல் கேட்டார்: "பக்கத்துல படுக்கறவர் நீங்கதானே, இத்தனை வருஷத்துல கவனிச்சதே இல்லையா?"

அவருக்கு உதடு படிக்க வரும். கேள்வி புரிந்துவிட்டது.

மாஸ்க்குக்குக் காற்று தள்ளும் மெஷின் வீட்டுக்கு வந்தது. மூன்று நாள் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு கட்டியவர் முன்னால் படுப்பதா என்று அவளுக்குக் கூச்சம். அவரோ பட்டறை விட்டு வந்ததும் தட்டில் போட்டதைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் சாயங்காலம் வாய் திறந்தார். "இருபத்தாறு வருஷம். பக்கத்துலயே நீ மூச்சு முட்டிக் கிடந்திருக்க. நான் கட்டை மாதிரி படுத்திருந்திருக்கேன்."

"உங்க மேல தப்பில்லங்க" என்றாள்.

"என்ன?" சுவரைவிட்டு அவர் முகம் திரும்பவில்லை.

"உங்க மேல தப்பில்ல! நான்தான் மறைச்சேன்!"

"எதை?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். திறந்திருந்தது. மூடினால் பட்டறை வெப்பத்தில் பழகிய மனுஷனுக்கே புழுங்கும். இந்த வீட்டில் ரகசியம் பேச வழியே கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "நான் குறட்டை விடுவேங்க! சின்ன வயசுலேர்ந்து! உங்களுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் சந்தோஷப்பட்டேன்! பாவி, நான் சந்தோஷப்பட்டேன்!"

உடனே கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "குறட்டை எங்களுக்கு எப்பவோ தெரியும்க்கா!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரு, என்ன சொன்னாங்க?" என்று அவர் கேட்க, இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. விஷயத்தை அவர் காதில் போட்டபோது அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் பெட்டியைப் பிரித்தார். தகரத்தை அளவெடுக்கிற கையால் அவள் தலையைச் சுற்றி வாரை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்தார். "காலர் மாதிரி இருக்கணும். இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது" என்றார்.

கம்பெனியில் அவளை இன்னும் பிசிறு மேஜையிலிருந்து மாற்றவில்லை. ஸ்கேனுக்கு இரண்டு மாதம் பாக்கி இருந்தது. காலில் பள்ளம் முன்பு போல் ஆழமாக விழவில்லை என்று அவளுக்குப் பட்டது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் தூக்கம் கலைந்து பாதிக் கண்ணைத் திறந்தாள். அவர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்க்கின் முன்னால் காற்று வெளியேறும் சின்னத் துளைகள் இருந்தன. அவற்றுக்கு நேரே, தொடாமல், காய்ப்புக் காய்த்த உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தார். அவள் மூச்சு விடும்போதெல்லாம் அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அவர் எண்ணிக்கை தப்பிவிடாதபடி ஒரே சீராக மூச்சு விட்டாள்.