மையத்து வேஷம்

"மாமூன், காசு குடுத்து வாங்கி வீட்டுல வச்சுக்கிற மாதிரி என்ன இருக்கு?"

பஹ்ஸா சந்தையில் என் டிவிடிக் கடைக்கு வருகிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நான் சொல்கிற பதிலும் ஒன்றுதான். முடிவு தெரிந்த பிறகும் இன்னொரு தரம் பார்க்கத் தோன்றினால் டிவிடி வாங்கு, இல்லாவிட்டால் டிவியில் ஓசியில் பார்த்துவிட்டுப் போ. வருகிற லட்சுமியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வாய் என்று தமிழில் சொல்வீர்களே, அந்த வாய்தான் என்னுடையதும். என் மனைவி அதை இன்னும் மோசமான வார்த்தையில் சொல்வாள்.

டமாஸ்கஸில் எங்கள் தொழிலுக்கு அறுவடை என்றால் ரமலான் முடிந்த வாரம்தான். முப்பது நோன்பு, முப்பது எபிசோடு. விருந்தாளி வந்ததால் ஒன்றை விட்டவர்கள், தூங்கிப்போய் இன்னொன்றை விட்டவர்கள் என்று கூட்டம் அம்மும். அந்த வருஷம் எல்லாரும் கேட்டது 'மாதுளைச் சந்து'. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதை. பெரிய மீசைகள், இடுப்பில் குத்துவாள், ஜன்னலுக்கு ஜன்னல் வாயாடுகிற பெண்கள், நடுவில் ஒரு துரோகி. எனக்குப் பிடிக்கவில்லை. சந்துக்குச் சந்து இத்தனை வீரர்கள் இருந்திருந்தால் பிரெஞ்சுக்காரன் அத்தனை வருஷம் இங்கே எப்படி உட்கார்ந்து சாப்பிட்டான்? ஆனால் என் கருத்தை யார் கேட்டார்கள்? பத்து டிவிடி கொண்ட பெட்டி, வைக்க வைக்கக் காலியாகிக்கொண்டிருந்தது.

உம்மு கியாஸ் அந்தப் பெட்டியை வாங்கியதற்குக் காரணம் வேறு. உம்மு கியாஸ் என்றால் கியாஸின் அம்மா. மீதான் பகுதியில் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. நல்ல மனுஷி, வாய் மட்டும் ஊர் கொள்ளாது. பிடித்தவர்களைப் பார்த்துவிட்டால், "நீதான்டா என்னைப் புதைக்கணும்" என்பாள். எங்கள் ஊர்க் கொஞ்சல் அது. உன் சாவை நான் பார்க்கக் கூடாது, உனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று பொருள். எனக்கே நாளைக்கு ஒரு தரம் கிடைக்கும். கியாஸுக்கு மூச்சுக்கு மூச்சு கிடைக்கும்.

கியாஸ் செருப்புக் கடையில் வேலை பார்த்தான். படப்பிடிப்பு இருக்கும் நாட்களில் கூட்டத்தில் ஒருவனாக நிற்கப் போவான். 'மாதுளைச் சந்து' தொடரில் அவன் சந்து முனையில் வெள்ளரிக்காய் விற்கிற பையன். மூன்றாவது எபிசோடில் வில்லனிடம் ஓர் அறை வாங்குவான். "அடிக்காதீங்க எஜமான்" என்று ஒரே ஒரு வசனம் உண்டு. அந்த அறைக்காகத்தான் அவளுக்குப் பெட்டி.

பெட்டி வாங்கிய மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். பின்னால் கியாஸ், சிரிப்பை அடக்க முடியாமல்.

"கடைசி எபிசோடுல தூக்கிட்டுப் போறாங்களே, அது யாரு, சொல்லு."

"சந்துத் தலைவரோட மகன். பிரெஞ்சுக்காரன் சுட்டுடுவான்ல."

"உன் தலை! அது என் புள்ளடா!"

விஷயம் இதுதான். மகன் வேஷம் போட்ட நடிகன், என் அம்மா உயிரோடு இருக்கும்போது நான் மையத்தாக, பிணமாகப் படுக்க மாட்டேன் என்று கடைசி நாளில் முரண்டு பிடித்திருக்கிறான். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். அதே உயரம், அதே தாடை, வெள்ளரிக்காய்க்காரன். தலையில் கட்டுப் போட்டு, சிவப்புச் சாயம் பூசி, பிணத்துக்குச் சுற்றுகிற வெள்ளைக் கஃபன் துணியைக் கழுத்துவரை சுற்றி, தோளில் தூக்கிச் சந்து முழுக்க ஊர்வலம் விட்டுவிட்டார்கள். முன்னால் தலைவர் அழுதுகொண்டே நடக்க, நாடே அழுதது. ஆள் மாறியது ஒருத்தருக்கும் தெரியவில்லை, பெற்றவளைத் தவிர.

"என்னைப் புதைக்க வேண்டியவனை வெள்ளைத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போறானுங்க. அதுவும் நோம்பு நாள்ல! இவனுக்குத்தான் புத்தி இல்ல, உனக்கு எங்கடா போச்சு? இதப் போயி பெட்டியில போட்டு விக்கிற!"

"சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு வேற யாரும்மா சம்பளம் தர்றாங்க?" என்றான் கியாஸ்.

"மையத்து பேசக் கூடாது, வாயை மூடு!" என்று சொன்னவள், தான் சொன்னதையே நினைத்துப் பதறி, மூன்று தரம் தரையில் துப்பினாள். பிறகு பத்தாவது டிவிடியை உருவி வளைத்தாள். உடையவில்லை. கீழே போட்டுக் குதிகாலால் மிதித்து இரண்டாக்கினாள்.

"முடிவு இல்லாத தொடரை எவளாவது வீட்டுல வச்சுப்பாளா?" என்றேன்.

"என் புள்ள வெள்ளரிக்கா விக்கிறான். அதுக்கு மேல கதை எனக்கு வேணாம்."

கியாஸ் அந்த உடைந்த துண்டைப் பொறுக்கி, அதில் முகம் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போனான்.

பிறகு சண்டை மூண்டு நாடு என்ன ஆனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலையில் வேலைக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் மினிபஸ்ஸை நிறுத்தி கியாஸை மட்டும் இறக்கினார்கள். "அஞ்சு நிமிஷ வேலை, கேட்டுட்டு அனுப்பிடறோம்" என்றார்களாம். எங்கள் நாட்டில் அந்த ஐந்து நிமிஷம் முடிந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவன் அப்பா அபூ கியாஸ் ஏறாத படி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒரு பெயரே இங்கே இல்லை.

அதே சமயத்தில், தொடரில் தலைவராக நடித்தவர் வெளிநாட்டுக்குப் போய் ஏதோ டிவியில் ஏதோ சொல்லிவிட்டார். உடனே அரசாங்கத்துக்கு அவர் முகம் ஆகாது என்று ஆகிவிட்டது. மறு ஒளிபரப்பில் அவர் வருகிற காட்சிகளை எல்லாம் நீக்கி, கடைசி எபிசோடைத் துப்பாக்கிச் சத்தத்தோடு வெட்டிப் பெயர்களை ஓட்டினார்கள். சந்தைக்கு அரசாங்க ஆட்கள் வந்து பெட்டிகளை அள்ளிப்போனார்கள். நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன், நன்றி கூடச் சொன்னேன். பயம் வந்தால் மனுஷனுக்கு மரியாதை தானாக வரும்.

உம்மு கியாஸ் வீட்டில் மட்டும் ஒன்பது டிவிடியும் ஓடிக்கொண்டே இருந்தன. விடிந்ததும் தொழுகை, அது முடிந்ததும் வெள்ளரிக்காய். அறை விழுகிற இடத்தில், "அடிக்காதடா, உன் கை விளங்காமப் போக" என்று அவள் கத்துவது என் வீடுவரை கேட்கும். தேய்ந்த டிவிடிக்கு நகல் போட்டுக் கொடுப்பேன், பிளேயர் மக்கர் பண்ணினால் போய்த் துடைத்துவிட்டு வருவேன். அவளுக்காக இல்லை, அந்தச் சத்தம் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற பயத்தில்.

மூன்றாவது குளிர்காலத்தில் ரஸ்லான் வந்தான். தையல்காரன், சிறையில் கியாஸோடு ஒரே அறையில் அடைபட்டிருந்தவன், விடுதலையானதும் வீடு தேடி வந்திருந்தான். அபூ கியாஸ் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். மாடிப்படியில் வைத்தே ரஸ்லான் எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டான். உள்ளே இரண்டாவது குளிர்காலத்தில் இருமலும் பட்டினியுமாகக் கியாஸ் போய்விட்டான். "கடைசியில குரலை வச்சுத்தான் அவன்னு தெரிஞ்சுது. மூஞ்சி அடையாளமே இல்லை" என்றான். அபூ கியாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார்.

உள்ளே போய் உம்மு கியாஸிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருக்க, அவளே கேட்டாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேம்மா. என் தோள்லதான் சாஞ்சிருந்தான்."

"கபர் எங்க? எங்க புதைச்சாங்க?"

"அவங்களே தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா, எங்கன்னு தெரியாது."

"அப்ப மூஞ்சியக் காட்டுங்க. மையத்து மூஞ்சியப் பாக்காம எந்தத் தாயும் அழமாட்டா. நான் பாட்டுக்கு அழுது வச்சு, அவன் எங்கயாவது உயிரோட கிடந்தான்னா? பெத்த நானே அவனைக் கொன்ன மாதிரி ஆயிடாதா?"

உடல் இல்லாமலும் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை தொழலாம், மார்க்கத்தில் இடம் இருக்கிறது. அபூ கியாஸ் மகனுக்கு அதையாவது செய்துவிட வேண்டும் என்று தவித்தார். ஆனால் மனைவி ஏற்றுக்கொள்ளாமல் தொழவும் மனம் வரவில்லை. "அவ அழாம நான் தொழுதா, என் புள்ளைய நான் தனியாப் புதைச்ச மாதிரி இருக்கும் மாமூன்" என்றார். ஒரு சொட்டுக் கண்ணீருக்காக ஒரு வீடே காத்துக்கொண்டிருந்தது. நாளாக ஆக அவர் சட்டைக்குள் உடம்பு குறைந்துகொண்டே வந்தது.

அவள்தான் ஒரு நாள் கடைக்கு வந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் பத்தாவது டிவிடி வேணும்."

மையத்து முகம் பார்க்கத்தான் என்று எனக்குப் புரிந்தது.

"உம்மு கியாஸ், அதோட என்னைப் பிடிச்சா என்னையும் தூக்கிட்டுப் போயிடுவானுங்க."

"கியாஸைத் தூக்கினப்ப அவன் கையில எந்த டிவிடியும் இல்லையே."

விசாரித்துப் பார்த்தேன். ஊருக்கு வெளியே ஜரமானாவில் இதே தொழில் செய்கிற ஒருத்தனிடம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது, கார்ட்டூன் பட உறைக்குள். அதை வாங்கி, நிஜக் கார்ட்டூன்கள் நாலைந்துக்கு நடுவில் செருகிக்கொண்டு திரும்பினேன். சாவடியில் ஒரு சிப்பாய் பையைத் திறந்தான். மீசை சரியாக முளைக்காத வயது.

"இதெல்லாம் நல்லா இருக்குமா? வாங்கி வச்சுக்கலாமா?"

"பிள்ளைங்க திரும்பத் திரும்பப் பாக்கும் ஐயா" என்றேன். மேலே இருந்த இரண்டை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டான்.

மறுநாள் பிற்பகல் கரண்ட் வந்ததும் போனேன். ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். நேரில் பார்த்தவன் அவன்தானே என்று ரஸ்லானையும் அவளே வரச் சொல்லியிருந்தாள். அபூ கியாஸ் கை கால் முகம் கழுவி உளூச் செய்துவிட்டுத் தயாராக இருந்தார். தட்டில் கஹ்வா, எங்கள் ஊர்க் காப்பி, வைத்திருந்தாள், சர்க்கரை போடாமல். துக்க வீட்டில் கொடுக்கிற கசப்புக் கஹ்வா. அவளும் அழத்தான் தயாராக இருந்தாள்.

டிவிடியைப் போட்டேன். துப்பாக்கிச் சத்தம், ஓலம், பிறகு சந்து முனையில் ஊர்வலம் திரும்பியது. தோள்களுக்கு மேல் அவன். கண் இமைக்காமல் பார்த்தாள். முடிந்ததும், "இன்னொரு தரம்" என்றாள். இந்தத் தரம் முகம் அருகில் வந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன்.

"ரஸ்லான், நீ சொல்லு. இப்படித்தான் இருந்தானா?"

திரையில் இருந்தது கன்னம் உப்பிய, தாயின் கைச்சோறு தின்ற பையன்.

"ஆமாம்மா. இப்படியேதான். தூங்குற மாதிரி இருந்தான்."

படியில் அவன் சொன்னதைக் காதால் கேட்டவன் நான். அந்தப் பொய்க்கு அல்லாஹ் அவனுக்குக் கூலி கொடுக்கட்டும்.

அவள் எழுந்து போய்த் திரையில் கை வைத்தாள். வந்துவிட்டது, அழப் போகிறாள் என்று நினைத்தேன். அபூ கியாஸும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். டிவிக்கு முதுகைக் காட்டி, மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திரும்பி, கைகளைத் தூக்கி "அல்லாஹு அக்பர்" என்றார். நானும் ரஸ்லானும் அவருக்குப் பின்னால் நின்றோம். குனிவதும் இல்லை, விழுவதும் இல்லை, நின்றபடியே தொழுகிற தொழுகை அது. இரண்டாவது தக்பீராக அதையே மறுபடி சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எங்களுக்குப் பின்னால் ஊர்வலத்தின் ஓலம் மறுபடி கேட்டது. ரிமோட் அவள் கையில் இருந்திருக்கிறது.

"நிறுத்துங்க!"

யாரும் திரும்பவில்லை.

"நிறுத்துங்கங்கிறேன்! மூச்சு விடறான்!"

திரும்பினோம். திரைக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். படத்தைப் பின்னால் ஓட்டி, மெதுவாக விட்டாள். "இங்க, கழுத்துகிட்ட. துணியப் பாருங்க."

பார்த்தேன். வெள்ளைத் துணி லேசாக எழுந்து, தணிந்தது. ஊரெல்லாம் கண்ணீரோடு பார்த்த காட்சி, டிவியில் ஓடிப்போகிற வேகத்தில் யாருக்குத் தெரியும்? மறுபடி ஓட்டினாள். மறுபடி எழுந்தது, தணிந்தது.

"பாத்தீங்களா? பாவிங்க, உயிரோட இருக்கிறவனத் தூக்கிட்டுப் போறாங்க."

"அது நடிப்புடி" என்றார் அபூ கியாஸ். கைகள் இன்னும் நெஞ்சின் மேல் கட்டியபடி இருந்தன. "நடிப்பும்மா அது…"

"நடிப்புன்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குத் தொழறீங்க?"

அவர் கைகள் தானாகக் கீழே இறங்கின. ரஸ்லான் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். அந்த வீட்டில் அன்றைக்கு அழுதவன் அவன் ஒருத்தன்தான். அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. கஹ்வாத் தட்டை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டினாள். வந்து உட்கார்ந்து மறுபடி ரிமோட்டை எடுத்தாள்.

"மாமூன், என்னைப் புதைக்கணும்டா நீ. இது தேஞ்சு போறதுக்குள்ள இதே மாதிரி இன்னும் ரெண்டு டிவிடி போட்டுக் குடுத்துடு."

அபூ கியாஸ் என்னைப் பார்த்தார். மறுத்துவிடு என்கிறாரா, மறுக்காதே என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை.

"போட்டுத் தர்றேன் உம்மு கியாஸ்" என்றேன்.